யாரும் குனிந்து பார்க்காத இடம்

அமெரிக்காவில் அண்ணன் மகன் வீட்டுக்குப் போன முதல் நாள் காலை, என்னை எழுப்பியது ஒரு சத்தம். டிக்... டிக்... டிக்... பழைய தையல் மெஷினை யாரோ கோபமாக மிதிப்பது மாதிரி. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வாசலில் அவனுடைய பிக்-அப் டிரக் நின்று உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கையில் காபியுடன் அவன், காய்ச்சல் வந்த குழந்தையைப் பார்க்கிற முகத்தோடு.

ஐந்து நிமிஷத்தில் டிக் டிக் நின்றுவிட்டது.

“சரியாயிடுச்சே?” என்றேன்.

“இல்ல சித்தப்பா. சூடானா நின்னுடும். நாளைக்குக் காலைல மறுபடி வரும். போல்ட் உடைஞ்சிருக்கு.”

சூடானால் நல்லவனாகிவிடுகிற எஞ்சினை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். மனிதர்களில் இதற்கு நேர்மாறாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சியாட்டில் பக்கத்தில் பாத்தெல் என்று ஒரு ஊர். பையன் கம்ப்யூட்டர் வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே ஆபீஸ். ஆனால் சனிக்கிழமை வந்தால் வேறு ஆள். 2005ஆம் வருஷத்து செவர்லே சில்வராடோ, 5.3 லிட்டர் வி-8 எஞ்சின், நான்கு சக்கரத்திலும் இழுக்கும் ரகம். அதை வாங்கி, சஸ்பென்ஷனை ஆறு அங்குலம் உயர்த்தி, 35 அங்குல டயர் போட்டிருக்கிறான். நான் ஏறுவதற்கு ஒரு முக்காலி கொண்டுவந்து வைத்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதை எடுத்துக்கொண்டு மவுன்ட் ரெய்னியர் மலைப் பக்கம் எவன்ஸ் க்ரீக் என்கிற இடத்துக்குப் போய், சேற்றிலும் பாறையிலும் ஏறி இறங்கி, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிகிற கோலத்தில் வீடு திரும்புவான். இதற்குத்தானா அண்ணன் இன்ஜினீயரிங் படிக்க வைத்தார் என்று கேட்கலாம். நான் கேட்கவில்லை. விருந்தாளி.

அந்த டிக் டிக்கில் ஆரம்பித்த பேச்சு மூன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ஓடியது. எஞ்சின் பேச்சாக ஆரம்பித்து வேறு எங்கேயோ போய்விட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் எஞ்சின். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரிந்ததும் சூடான புகை வெளியே போயாக வேண்டும். வி-8 என்றால் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. ஒவ்வொரு பக்கத்திலும் நாலு வாசல் வழியாக வருகிற புகையை ஒன்றுசேர்த்துப் பின்னால் அனுப்புகிற வார்ப்பிரும்புக் குழாய்க்கு மேனிஃபோல்டு என்று பெயர். அதைப் பிடித்து நிற்கிற போல்ட்டுகள் இந்த எஞ்சினில் வருஷங்கள் போகப் போகத் தலை துண்டாகி விழும். முக்கியமாகக் கடைசி சிலிண்டர் பக்கம், கை நுழையாத இடத்தில். அந்த இடுக்கு வழியாகக் குளிர்ந்த நேரத்தில் புகை கசிகிற சத்தம்தான் டிக் டிக். சூடேறியதும் இரும்பு விரிந்து இடுக்கை மூடிக்கொள்ளும்.

உடைந்த போல்ட்டை எடுத்துவிட்டுப் புதுசு போட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் ஆண்பிள்ளை ஒருவன் மேனிஃபோல்டைக் கழற்றிய பிறகு அதே மேனிஃபோல்டை மறுபடி மாட்டியதாகச் சரித்திரம் உண்டா? “எப்படியும் கழட்டப் போறோம், ஹெடர் போட்டுடலாம்னு இருக்கேன்” என்றான்.

ஹெடர் என்றால் என்ன? கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்ததும் பார்த்திருப்பீர்கள். ஒரே குறுகலான கதவு. நாலு வரிசையும் ஒரே நேரத்தில் எழுந்து வந்து முட்டிக்கொள்ளும். அதுதான் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு. அதற்குப் பதில் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி நடை போட்டு, கொஞ்ச தூரம் போனபிறகு நாலையும் நிதானமாக ஒன்றுசேர்த்தால்? அது ஹெடர். இதில் இன்னொரு நயம் இருக்கிறது. ஒரு குழாயில் வேகமாக ஓடுகிற புகை, தனக்குப் பின்னால் ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்கிறது. அது அடுத்த சிலிண்டரின் புகையை உறிஞ்சி இழுக்கிறது. முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனைக் கைபிடித்துக் கூட்டிப்போவது மாதிரி.

இதில் குழாயின் நீளமும் குறுக்களவும்தான் எல்லாம். அகலமான குழாய் போட்டால் எஞ்சின் பேய்வேகத்தில் சுற்றும்போது நல்லது. மெதுவாகச் சுற்றும்போது புகை சோம்பேறித்தனமாக நகரும், இழுவை குறையும். மலையேறுகிறவனுக்கு மெதுவான சுற்றில்தான் இழுவை வேண்டும். அதனால் ‘பெரிசா போடு’ என்கிற நம் இயல்பான ஆசை இங்கே தப்பு. ஒன்றே முக்கால் அங்குலத்தைவிட ஒன்று ஐந்தெட்டு அங்குலம் இவனுக்குப் போதும்.

அப்புறம் இடப் பிரச்னை. நான்கு சக்கர இழுவை வண்டியில் முன் அச்சுக்குப் போகிற தண்டு ஒன்று கூடுதலாக ஓடுகிறது. ஸ்டியரிங் தண்டு, ஸ்டார்ட்டர் மோட்டார், குறுக்குச் சட்டம் எல்லாம் அதே சந்தில். நீளக் குழாய் இவற்றின் நடுவே நெளிந்து போக வேண்டும். உரசினால் சனியன். பக்கத்தில் வயர் போனால் கருகிவிடும்.

மேஜையில் மூன்று தேர்வுகள் வந்து நின்றன. உடைந்த போல்ட்டை மட்டும் மாற்றுவது. அல்லது குட்டை ஹெடர். பழைய இடத்திலேயே உட்கார்ந்து, பின்னால் இருக்கிற பழைய குழாயோடு பொருந்திக்கொள்ளும். இழுவை கொஞ்சம்தான் கூடும். மூன்றாவது நீள ஹெடர். நல்ல இழுவை, அடிவயிற்றில் உணர்கிற சத்தம். ஆனால் நீளக் குழாய் வந்து முடிகிற இடத்தில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்: கேட்டலிடிக் கன்வெர்ட்டர். அவரை எடுத்துவிட்டு வெறும் குழாய் போட வேண்டும்.

“எடுத்துட்டா?”

“ஒண்ணும் ஆகாது சித்தப்பா. டேஷ்போர்டுல ஒரு மஞ்சள் லைட் எரியும். கம்ப்யூட்டர்ல அதையும் அணைச்சுடலாம்.”

“சட்டம்?”

“தப்புதான். ஆனா யார் பார்க்கப் போறா?”

அதுதான் உண்மையும்கூட. வாஷிங்டன் மாநிலத்தில் 2020 ஜனவரி 1 முதல் வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனை கிடையாது. நிறுத்திவிட்டார்கள். ஏன் தெரியுமா? காற்று போதுமான அளவுக்குச் சுத்தமாகிவிட்டது, புது வண்டிகள் ஒழுங்காக இருக்கின்றன என்று. அந்த ஒழுங்குக்கு ஒரு முக்கியக் காரணம் இவன் கழற்றப் பார்க்கிற அந்த டப்பா.

அந்த டப்பாவின் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். 1943 ஜூலையில் ஒருநாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தைக் கண் எரிகிற புகைமூட்டம் சூழ்ந்தது. யுத்த காலம். ஜப்பான்காரன் விஷவாயு போட்டுவிட்டான் என்றே பலர் பயந்தார்கள். ஜப்பான் பாவம், சம்பந்தமே இல்லை. அப்புறம் சில வருஷம் கழித்து ஆரி ஹாகன்-ஸ்மிட் என்கிற டச்சுக்காரர், அன்னாசிப் பழத்தின் வாசனை எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த ரசாயனப் பேராசிரியர், அன்னாசியை ஓரமாக வைத்துவிட்டு ஊர்க் காற்றை ஆராய ஆரம்பித்தார். வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் கக்குகிற வாயுக்கள் வெயிலில் சமைந்துதான் இந்த மூட்டம் என்று கண்டுபிடித்தார். அதாவது எதிரி வானத்திலிருந்து வரவில்லை. காலையில் ஆபீஸுக்குப் போன நல்ல மனிதர்கள் அத்தனை பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்ட குண்டு அது.

யூஜின் ஹூட்ரி என்கிற பிரெஞ்சுக்காரர் 1950களில் இதற்கு மாற்று மருந்தாகக் கன்வெர்ட்டரைச் செய்தார். அப்போதைய பெட்ரோலில் இருந்த ஈயம் அதைக் கெடுத்துவிட்டது. அவர் 1962ல் இறந்து போனார். 1975 மாடல் வண்டிகளில்தான் கன்வெர்ட்டர் பரவலாக வந்தது. உள்ளே தேன்கூடு மாதிரி அடுக்கு. அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெல்லிசாகப் பூசியிருக்கும். விஷப் புகை ஒரு பக்கம் நுழைந்து, மறுபக்கம் பெரும்பாலும் கரியமில வாயு, நீராவி, நைட்ரஜனாக வெளியேறும். ரோடியத்துக்கு ஆசைப்பட்டு 2020, 21, 22 வருஷங்களில் அமெரிக்கா முழுக்கத் திருடர்கள் ராத்திரியோடு ராத்திரியாக இந்த டப்பாக்களை அறுத்துக்கொண்டு போனார்கள். ஊரே திருட்டுக்குப் பயந்து கன்வெர்ட்டருக்குக் கூண்டு போட்டது. என் அண்ணன் மகன் காசு கொடுத்து அதை எடுக்கப் பார்க்கிறான்!

நீள ஹெடர் விற்பனைப் படத்தின் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ‘ஆஃப்-ரோடு உபயோகத்துக்கு மட்டும்’. பையன் உற்சாகமாகக் காட்டினான். “பார்த்தீங்களா? நான் ஆஃப்-ரோடுதானே போறேன்!”

அந்த வார்த்தைக்கு அங்கே பொதுச்சாலைக்கே வராத, பந்தயத்துக்கு மட்டுமான வண்டி என்று அர்த்தம். இவன் எவன்ஸ் க்ரீக் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நெடுஞ்சாலையில்தான் ஓட்டியாக வேண்டும். போகிற வழியில் பால் பாக்கெட்டும் வாங்குவான். இது அவனுக்கும் தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வரியை நம்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? வண்டியை ஸ்டார்ட்கூடப் பண்ணாமல், நம்பர் பிளேட்டை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு புகைச் சான்றிதழ் கொடுத்தவரை நான் பார்த்திருக்கிறேன். வாங்கிக்கொண்டு வந்ததும் நான்தான்.

‘யாரும் பார்க்கவில்லையென்றால்?’ என்ற கேள்வி பழசு. சுமார் 2400 வருஷத்துக்கு முன்னால் பிளேட்டோ தன் ‘குடியரசு’ நூலில் ஒரு கதை சொல்ல வைக்கிறார். கைஜஸ் என்கிற ஆடு மேய்ப்பவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. திருப்பிப் போட்டால் ஆள் மறைந்துவிடுவான். என்ன செய்தான்? ராணியை வசப்படுத்தி, ராஜாவைக் கொன்று, நாட்டைப் பிடித்தான். இப்படி ஒரு மோதிரம் கிடைத்தால் நல்லவன்கூட நல்லவனாக இருப்பானா என்பது கேள்வி. நான் பையனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

“சித்தப்பா, அவன் ராஜாவைக் கொன்னான். நான் ஒரு டப்பாவைக் கழட்டறேன். என் ஒரு வண்டியால இந்தக் காத்து என்ன கெட்டுடும்?”

நியாயமான கேள்வி. இது முதல் கேள்வியைவிடக் கஷ்டமானது. ‘யாரும் பார்க்கவில்லை’ என்பவனுக்குக் குற்ற உணர்வு கொஞ்சம் இருக்கிறது. ‘என்னால் ஒன்றும் ஆகாது’ என்பவனுக்கு அதுவும் இல்லை. அவன் சொல்வது கணக்குப்படி கிட்டத்தட்ட சரியும்கூட. அவன் வண்டிப் புகையால் இன்னாருக்கு இருமல் வந்தது என்று உலகத்தில் எந்த டாக்டராலும் காட்ட முடியாது.

டெரெக் பார்ஃபிட் என்ற ஆக்ஸ்ஃபோர்டு தத்துவக்காரர் 1984ல் எழுதிய புத்தகத்தில் இதற்கென்றே ஒரு கற்பனை வைத்திருக்கிறார். ஆயிரம் சித்திரவதைக்காரர்கள், ஆயிரம் கைதிகள். முன்பெல்லாம் ஆளுக்கு ஒரு கைதி. ஒரு பட்டனை ஆயிரம் தடவை அமுக்குவான்; ஒவ்வொரு அமுக்கலுக்கும் வலி துளி கூடும், அந்தத் துளி உணரவே முடியாத அளவு. ஆயிரம் முடியும்போது கைதி துடிப்பான். அமுக்கியவனுக்கு ராத்திரி தூக்கம் வராது. இப்போது ஏற்பாட்டை மாற்றுகிறார்கள். ஒவ்வொருவனும் ஆயிரம் கைதிகளுக்கும் தலா ஒரு தடவை மட்டும் அமுக்கினால் போதும். கைதிகளின் வலியில் மாற்றமே இல்லை, அதே துடிப்பு. ஆனால் இப்போது எவனும் எந்தக் கைதிக்கும் உணரக்கூடிய அளவில் எதுவும் செய்யவில்லை! எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. கம்ப்யூட்டர்காரன் அல்லவா, கணக்கு புரிந்துவிட்டது. நான் கூடவே இன்னொரு கணக்கும் போட்டேன். 2020 நவம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா வெளியிட்ட ஓர் அறிக்கை. சுமார் பத்து வருஷத்தில் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட டீசல் பிக்-அப்களில் புகைக் கட்டுப்பாட்டு சாதனங்களை நீக்கியிருக்கிறார்கள். அதனால் கூடிய புகை, 90 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகளைப் புதிதாகச் சாலையில் இறக்கியதற்குச் சமம் என்றது இலாகா. இவனுடையது பெட்ரோல், கணக்கு வேறு. ஆனால் அந்த ஐந்தரை லட்சம் பேரும் ‘என் ஒரு வண்டியால’ என்றுதான் ஆரம்பித்திருப்பார்கள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து மோர் சாதத்துக்குக் கை வைத்தேன். அப்போதுதான் அவன் கேட்டான்.

“நீங்க சென்னைலேர்ந்து இங்க வந்த ஃப்ளைட்டு? போக வர எவ்ளோ புகை? நான் வருஷத்துக்கு நாலாயிரம் மைல்கூட ஓட்டறதில்ல. புது வண்டி வாங்காம இருபது வருஷத்துப் பழசை வெச்சுக் காப்பாத்தறேன். நீங்க யாரைப் பார்க்க வந்தீங்க? என்னைத்தானே. வீடியோல பார்த்திருக்கலாமே?”

சாதம் தொண்டையில் நின்றது.

என்ன பதில் சொல்வது? “விமானத்துல ஏற்கெனவே இருந்த ஒரு வடிகட்டியை நான் கழட்டிப் போடலைடா. நீ கழட்டறே” என்றேன். “வக்கீல் மாதிரி பேசறீங்க” என்றான். சரிதான். எனக்கே திருப்தி இல்லை. மூன்று வேளையும் அசைவம் சாப்பிடுகிறவன், ஏ.ஸி. இல்லாமல் தூங்காதவன், பறக்கிறவன், ஓட்டுகிறவன் எல்லோரும் ஆளுக்கொரு பட்டனை அமுக்கிக்கொண்டுதான் இருக்கிறோம். யார் கையும் சுத்தமில்லை. அதனால் யாரும் யாரையும் எதுவும் கேட்கக்கூடாது என்றால், கேள்வி கேட்கத் தகுதியுள்ள ஆள் பூமியில் மிஞ்சமாட்டார். இது என்னவோ எல்லோரும் சேர்ந்து தப்பித்துக்கொள்கிற வழி மாதிரி இருக்கிறதே தவிர, பதில் மாதிரி இல்லை.

மூன்றாம் நாள் வேறு வழியில் கேட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் எழுபது தாண்டிய பெரியவர் ஒருவர். விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இவனுக்கு ஜாக்கி, டார்க் ரெஞ்ச் எல்லாம் கடன் கொடுப்பது அவர்தான். போல்ட் எடுக்கவும் அவர்தான் வரப்போகிறார்.

“கன்வெர்ட்டரை எடுக்கப் போறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல.”

“ஏன்?”

“அவருக்கு... ராத்திரில ஆக்ஸிஜன் மெஷின் வெச்சுத்தான் தூங்கறார்.”

அவன் முகம் மாறியது. நான் சத்தியமாக அதை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. கருவியை வாங்க வேலியைத் தாண்டிப் போகிறவன், இந்த விஷயத்தை மட்டும் வேலிக்கு இந்தப் பக்கமே வைத்திருக்கிறான். புகை அப்படி வேலி பார்த்து நிற்குமா?

அப்புறம் பேச்சு தானாக இறங்கி வந்தது. “உனக்கு உண்மையில என்ன வேணும்? இழுவையா, சத்தமா?” என்று கேட்டேன். இழுவைதான் என்றான். அப்படியானால் ஒரு சின்னக் கணக்கு. கம்பெனி டயர் 31.6 அங்குலம். இவன் போட்டிருப்பது 35. கிட்டத்தட்ட 11 சதவிகிதம் பெரிசு. பெரிய சக்கரம் சைக்கிளில் கடினமான கியரில் மிதிப்பது மாதிரி. இவன் அச்சில் இருக்கிற பல்சக்கர விகிதம் 3.73. அது இந்த டயருக்கு 3.37 மாதிரிதான் வேலை செய்யும். பறிபோன இழுவை அங்கேதான் போயிருக்கிறது, புகைக்குழாயில் இல்லை. முன் அச்சு, பின் அச்சு இரண்டிலும் 4.10 பல்சக்கரம் போட்டால் பழைய இழுவை ஏறக்குறைய அப்படியே திரும்பி வந்துவிடும். எந்த ஹெடரும் அதைச் செய்யாது. செலவு ஹெடரைவிட அதிகம். சத்தமும் வராது. திறந்து காட்டி நண்பர்களிடம் பெருமைப்படவும் முடியாது. எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கும்.

“இது எனக்கே தெரியும் சித்தப்பா” என்றான் மெதுவாக. “நீள ஹெடர் சத்தம் கேட்டிருக்கீங்களா? வி-8ல?” போனில் போட்டுக் காட்டினான். கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ரொம்ப நன்றாக. பொய் சொல்லக்கூடாது.

கடைசியில் குட்டை ஹெடர் வாங்கினான். கலிஃபோர்னியாவின் காற்று வாரியம் சோதித்து, ‘இதனால் புகை கூடாது’ என்று ‘டி’ எழுத்தில் ஆரம்பிக்கிற ஓர் எண் கொடுத்திருக்கிற ரகம். வாஷிங்டனில் அந்த எண்ணை இவனிடம் யாரும் கேட்கப் போவதில்லை. பெட்டியோடு வந்த ஸ்டிக்கரை பானட்டுக்கு அடியில் ஒட்டினான். பெரியவர் வந்தார். துண்டான போல்ட்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, அது ஆறியதும் பொறுமையாகத் திருகி எடுத்தார். நாலு மணி நேரம். நான் டார்ச் பிடித்தேன். ஆறு அங்குலம் உயர்த்திய வண்டியில் அடியில் இருப்பதெல்லாம் குனியாமலே தெரிகிறது. கன்வெர்ட்டர் இரண்டும் சேறு காய்ந்து, பழைய வாழைக்காய் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. பார்க்க ஒரு லட்சணமும் இல்லை.

மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தான். டிக் டிக் இல்லை. இழுவை கூடியிருக்கிறதா என்று கேட்டேன். “தெரியல. கூடின மாதிரிதான் இருக்கு” என்றான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம். பல்சக்கரத்துக்கு அடுத்த வருஷம் போனஸ் வந்ததும் பார்க்கலாமாம்.

ஊருக்குக் கிளம்பும் முன் விமான நிலையம் போகிற வழியில் அவனிடம் ஒன்றைச் சொன்னேன். மூன்று ராத்திரி உபதேசம் பண்ணியவன் மறைக்கக்கூடாது என்று தோன்றியது. 1991ல் நான் ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100 வைத்திருந்தேன். சைலன்ஸருக்குள்ளே சத்தத்தை அடக்குகிற குழாய் ஒன்று இருக்கும். அதை உருவி எடுத்துவிட்டேன். வேகம் துளிக்கூடக் கூடவில்லை, சத்தம் தெரு முழுக்கக் கூடியது. ராத்திரி பத்தரைக்கு நான் சந்தில் திரும்பும்போது மாடி வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்கும். அந்த வீட்டில் கைக்குழந்தை. அந்த அம்மாள் என்னை ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. படியில் பார்த்தால் சிரிப்பார். நான்கு வருஷம்.

பையன் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே கேட்டான். “அந்தக் குழாயைத் திரும்பப் போட்டீங்களா?”

“இல்லடா. வண்டியை வித்துட்டேன். விழுப்புரத்துலேர்ந்து வந்த பையன். சத்தம் பிடிச்சுப் போய் ஐந்நூறு ரூபாய் கூடவே கொடுத்தான்.”